பழைய யூனிக்ஸில் இன்க்ஜெட் ஏன் ஓடவில்லை? தப்பு கம்ப்யூட்டர் மேல இல்லை!

வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப். வருகிறது. ஷேர் பட்டனைத் தட்டி பிரிண்ட் கொடுத்தால், பக்கத்து அறையில் இருக்கும் வைஃபை பிரிண்டர் பேப்பரை இழுக்க ஆரம்பித்துவிடும். சி.டி. போட வேண்டியதில்லை, டிரைவர் தேட வேண்டியதில்லை. ‘இதுல என்ன அதிசயம் இருக்கு?’ என்றுதான் இன்றைய தலைமுறைக்குத் தோன்றும்.

1990-களின் கடைசியில் சோலாரிஸ் ஓடும் ஒரு சன் வொர்க்ஸ்டேஷன் முன்னாலோ, ஃப்ரீ பி.எஸ்.டி. ஏற்றிய கம்ப்யூட்டர் முன்னாலோ உட்கார்ந்திருந்தவர்களிடம் கேட்டால் கதையே வேறு. விமான இறக்கையின் மேல் காற்று எப்படி ஓடும் என்று கணக்குப் போடும் அளவுக்கு சக்தியுள்ள மிஷின்கள் அவை. ஆனால், கடையில் வாங்கி வந்த சாதாரண இன்க்ஜெட்டில் ஒரே ஒரு பக்கம் அடிக்கச் சொன்னால் முழிக்கும். பாதிப் பக்கம் வரும், எழுத்து சரிந்து விழும், இல்லையென்றால் புரியாத குறியீடுகளாக பக்கம் பக்கமாகக் கக்கும்.

‘யூனிக்ஸ் பழசு, அதான் ஒத்துழைக்கலை’ என்பதுதான் அப்போது பலரும் சொன்ன பதில். இன்றும் பழைய பிரிண்டர் புதிய கம்ப்யூட்டரில் ஓடாதபோது இதே பதில்தான் வேறு வடிவத்தில் வருகிறது: ‘மாடல் பழசு சார், புதுசு வாங்கிடுங்க’. இரண்டுமே பாதி உண்மைதான். சிக்கல் வயதில் இல்லை. பிரிண்டர் என்ன மொழியில் பேசுகிறது என்பதை வெளியே சொல்லாமல் மறைத்து வைத்ததில் இருக்கிறது. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால், அடுத்த முறை பிரிண்டர் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வியும் தெரிந்துவிடும்.

யூனிக்ஸுக்கு பிரிண்டர் புதுசா?

இல்லவே இல்லை. சொல்லப்போனால் யூனிக்ஸ் வளர்ந்ததே பேப்பரை நம்பித்தான். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி குழு யூனிக்ஸை உருவாக்கிக்கொண்டிருந்த காலத்தில், புது கம்ப்யூட்டர் வாங்க நிர்வாகத்திடம் பணம் கேட்க ஒரு காரணம் தேவைப்பட்டது. ‘காப்புரிமைப் பிரிவுக்கு ஆவணம் தயாரிக்கும் சிஸ்டம் செய்து தருகிறோம்’ என்றார்கள். 1970-களின் தொடக்கத்தில் அப்படி வந்த பி.டி.பி.-11 மிஷினில்தான் யூனிக்ஸ் காலூன்றியது. காப்புரிமைப் பிரிவில் ஆவணம் தட்டச்சு செய்தவர்கள்தான் ஆய்வுக் குழுவுக்கு வெளியே யூனிக்ஸுக்குக் கிடைத்த முதல் வாடிக்கையாளர்கள்.

இன்றும் லினக்ஸிலோ மேக்கிலோ டெர்மினலைத் திறந்து ‘எல்.பி.’ என்று தட்டினால் பிரிண்ட் கட்டளை வேலை செய்யும். அந்த ‘எல்.பி.’ என்பது லைன் பிரிண்டரின் சுருக்கம். ஒரே நேரத்தில் ஒரு முழு வரியை தடதடவென்று அடிக்கும் அந்தக் கால ராட்சத மிஷின் அது.

பி.எஸ்.டி. வகை யூனிக்ஸில் ‘எல்.பி.ஆர்.’, சிஸ்டம் 5 வகையில் ‘எல்.பி.’ என இரண்டு குடும்பங்கள் இருந்தன. இரண்டிலும் ஐடியா ஒன்றுதான். யார் எதை அனுப்பினாலும் வரிசையில் நிற்க வை, ஒவ்வொன்றாக பிரிண்டருக்கு அனுப்பு. வழியில் ஏதாவது மாற்ற வேண்டும் என்றால், நடுவில் ‘ஃபில்டர்’ என்ற ஒரு சின்ன புரோகிராமை வை. ஒரு பக்கம் உள்ளே போவது, மறுபக்கம் வேறு வடிவில் வெளியே வரும். காபி வடிகட்டி மாதிரிதான். இந்த ஃபில்டர் சமாசாரம் பின்னால் பெரிய வேலை செய்யப்போகிறது என்பதால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வினை: படிக்கட்டு

புது இன்க்ஜெட்டை பேரலல் போர்ட்டில் மாட்டி, ஒரு டெக்ஸ்ட் ஃபைலை அப்படியே அனுப்பினால் பலருக்கும் முதலில் கிடைத்தது ஒரு படிக்கட்டு. முதல் வரி இடது ஓரத்தில் ஆரம்பிக்கும். இரண்டாவது வரி, முதல் வரி முடிந்த இடத்துக்கு நேர் கீழே ஆரம்பிக்கும். மூன்றாவது வரி இன்னும் தள்ளி. நாலைந்து வரியில் பேப்பரை விட்டே வெளியே போய்விடும்.

காரணம் ரொம்பச் சின்னது. டைப்ரைட்டர் காலத்தில் வரி முடிந்ததும் இரண்டு வேலை செய்ய வேண்டும். பேப்பரை ஒரு வரி மேலே ஏற்றுவது ஒன்று, கேரேஜை மறுபடி இடது ஓரத்துக்குத் தள்ளுவது இன்னொன்று. கம்ப்யூட்டரிலும் இதற்கு இரண்டு தனித்தனிக் குறியீடுகள் உண்டு. டாஸ், விண்டோஸ் ஃபைல்களில் வரி முடிவில் இரண்டையும் போடுவார்கள். யூனிக்ஸில் ‘அடுத்த வரி’ என்ற ஒன்று மட்டும்தான். டாஸ் வழக்கத்துக்குப் பழகிய பிரிண்டர், சொன்னதை மட்டும் அப்படியே செய்தது: கீழே இறங்கியது, இடதுக்குத் திரும்பவில்லை.

தீர்வும் சின்னதுதான். விடுபட்ட குறியீட்டை வரிக்கு வரி சேர்க்கும் ஃபில்டர் ஒன்று, நாலு வரி ஸ்கிரிப்ட். யூனிக்ஸ் பயனர்கள் உட்கார்ந்து எழுதிக்கொண்டார்கள். இரண்டு தரப்பும் எப்படிப் பேசுகின்றன என்று தெரிந்தால் போதும், நடுவில் மொழிபெயர்ப்பாளரை வைத்துவிடலாம். இந்தக் கதை முழுக்க இதுதான் சூத்திரம்.

இரண்டாவது வினை: பணக்கார மொழி, ஏழை பிரிண்டர்

டெக்ஸ்ட் சரி. படம், விதவிதமான எழுத்துரு, வரைபடம் எல்லாம் அடிப்பது எப்படி? இங்கேதான் போஸ்ட்ஸ்கிரிப்ட் வருகிறது. அடோபி நிறுவனம் 1984-ல் கொண்டுவந்த மொழி இது. ‘இந்த இடத்தில் இந்த எழுத்தை இவ்வளவு பெரிதாகப் போடு, இங்கிருந்து அங்கே ஒரு கோடு இழு’ என்று பக்கத்தை விவரிக்கும் ஒரு முழு புரோகிராமிங் மொழி. அதைப் படித்துப் புரிந்துகொண்டு புள்ளிகளாக மாற்றும் வேலை பிரிண்டருக்கு உள்ளேயே நடக்கும்.

அதற்கு பிரிண்டருக்கு மூளை வேண்டும். 1985-ல் ஆப்பிள் வெளியிட்ட லேசர்ரைட்டர் பிரிண்டருக்குள் 12 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர் இருந்தது. அதோடு இணைக்கப்பட்ட மேக் கம்ப்யூட்டரில் இருந்தது 8 மெகாஹெர்ட்ஸ்தான். அதாவது கம்ப்யூட்டரைவிட பிரிண்டர் வேகமான மூளையோடு இருந்தது. விலை 6,995 டாலர்.

யூனிக்ஸ் உலகம் போஸ்ட்ஸ்கிரிப்டை அப்படியே ஏற்றுக்கொண்டது. பல்கலைக்கழகத்திலும் ஆய்வகத்திலும் ஒரு மாடிக்கு ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் லேசர் பிரிண்டர் இருந்தால் போதும், நெட்வொர்க் வழியாக எல்லோரும் பயன்படுத்துவார்கள். யூனிக்ஸில் எழுதப்பட்ட பெரும்பாலான சாஃப்ட்வேர்களும் ‘பிரிண்டர் என்றால் போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரிந்திருக்கும்’ என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டன.

இன்க்ஜெட் பிறந்ததோ வேறு வீட்டில். ஹெச்.பி.யின் டெஸ்க்ஜெட் 1988-ல் 1,000 டாலருக்குச் சற்றுக் குறைவான விலையில் வந்தது. பின்னாலேயே கேனான், எப்சன் எல்லாம் களத்தில் குதிக்க, விலை சரசரவென்று இறங்கியது. லேசர் பிரிண்டர் ஒரு பக்கத்தை அடிக்க ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது, முழுப் பக்கமும் தயாராக இருக்க வேண்டும். இன்க்ஜெட்டில் தலை இடமும் வலமுமாக ஓடி, ஒரு பட்டை முடிந்ததும் அடுத்த பட்டைக்குக் காத்திருக்கலாம். அதனால் பெரிய மெமரி வேண்டாம், பெரிய மூளையும் வேண்டாம். விலை குறைந்ததில் இதற்கும் பங்கு உண்டு. ஆனால், போஸ்ட்ஸ்கிரிப்ட் புரிந்துகொள்ளும் சக்தியும் அதற்கு இல்லை. ஹெச்.பி. இன்க்ஜெட்டுக்கு பி.சி.எல். மொழி, எப்சனுக்கு இ.எஸ்.சி./பி. மொழி என்று ஆளாளுக்கு ஒன்று.

போஸ்ட்ஸ்கிரிப்ட் பேசும் யூனிக்ஸும், அது தெரியாத இன்க்ஜெட்டும் நேருக்கு நேர் சந்தித்தபோது என்ன ஆகும்? போஸ்ட்ஸ்கிரிப்ட் புரோகிராமின் வரிகளையே சாதாரண எழுத்து என்று நினைத்து பிரிண்டர் பக்கம் பக்கமாக அடித்துத் தள்ளியது. ஒரு பக்கக் கடிதத்துக்கு ஐம்பது பேப்பர் காலி!

நடுவில் வந்த துபாஷி

1988-ல் எல். பீட்டர் டாய்ச் என்பவர் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற சாஃப்ட்வேரை வெளியிட்டார். பிரிண்டருக்குள் நடக்க வேண்டிய மொழிபெயர்ப்பு வேலையை கம்ப்யூட்டரிலேயே செய்து முடிக்கும் சாஃப்ட்வேர் அது. போஸ்ட்ஸ்கிரிப்டைப் படிக்கும், பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றும், அந்தப் புள்ளிகளை எந்த பிரிண்டருக்கு எந்த வடிவில் வேண்டுமோ அப்படிக் கொடுக்கும். யூனிக்ஸின் ஃபில்டர் இடத்தில் இதை உட்கார வைத்தால் வேலை முடிந்தது. யூனிக்ஸைப் பொறுத்தவரை எதிரில் இருப்பது ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டர். இன்க்ஜெட்டைப் பொறுத்தவரை வந்துசேர்வது அதற்குத் தெரிந்த மொழி.

இது எவ்வளவு பெரிய வேலை என்று ஒரு சின்னக் கணக்கு. ஏ4 பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் பிரித்தால் குறுக்கே 2,480, நெடுக்கே 3,508. மொத்தம் சுமார் 87 லட்சம் புள்ளிகள். நாலு வண்ண மைக்கும் தனித்தனியாகப் பார்த்தால் மூன்றரைக் கோடி முடிவுகள்: இங்கே மை விழணுமா, வேண்டாமா? 600 புள்ளிக்குப் போனால் இது நாலு மடங்கு. சில மெகாபைட் மெமரியில் ஓடிய அந்தக் கால மிஷின்கள் ஒரு கலர் பக்கத்துக்கு மூச்சு வாங்கியதில் ஆச்சரியம் இல்லை.

இதில் தமிழுக்கும் ஒரு லாபம் இருந்தது. பழைய டாட்மேட்ரிக்ஸ் பிரிண்டர்களில் எழுத்து வடிவங்கள் பிரிண்டரின் சிப்பிலேயே பதிக்கப்பட்டிருக்கும். பொதுவாக அதில் தமிழ் இருக்காது. பக்கத்தை முழுக்க கம்ப்யூட்டரே படமாக மாற்றி அனுப்பிவிட்டால், பிரிண்டருக்கு எந்த எழுத்தும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அ, ஆ, இ, ஈ என்றாலும் ஏ, பி, சி, டி என்றாலும் அதற்கு வெறும் புள்ளிதான்.

ஒரு சின்ன எரிச்சலும் கூடவே வந்தது. கோஸ்ட்ஸ்கிரிப்ட் தானாக எடுத்துக்கொள்ளும் பேப்பர் அளவு அமெரிக்காவின் ‘லெட்டர்’. அது ஏ4-ஐ விட 6 மில்லிமீட்டர் அகலம், 18 மில்லிமீட்டர் குட்டை. ஏ4 என்று மாற்றிச் சொல்லாவிட்டால் பக்கத்தின் ஓரம் வெட்டுப்படும்.

மூன்றாவது வினை: வாயை மூடிக்கொண்ட பிரிண்டர்

இதுவரை சொன்ன இரண்டு சிக்கல்களும் தொழில்நுட்பச் சிக்கல்கள். பிரிண்டரின் மொழி வெளியே தெரிந்திருந்ததால், யாரோ ஒருவர் உட்கார்ந்து தீர்த்துவிட்டார். மூன்றாவதுதான் மனிதர்கள் உருவாக்கியது.

1990-களில் ‘விண்டோஸ் பிரிண்டர்’ என்று ஒரு வகை வந்தது. பிரிண்டருக்குள் இருந்த கொஞ்ச நஞ்ச மூளையையும் எடுத்துவிட்டு, எல்லா வேலையையும் கம்ப்யூட்டரின் தலையில் கட்டும் டிசைன். விலை இன்னும் குறைந்தது. வாங்குபவருக்கு லாபம்தானே? லாபம்தான், விண்டோஸ் வைத்திருக்கும் வரை. ஏனென்றால் அந்த பிரிண்டர் பேசும் மொழி அதன் விண்டோஸ் டிரைவருக்கு மட்டும்தான் தெரியும். வெளியே யாருக்கும் ஆவணம் கொடுக்கவில்லை.

இதற்கு நல்ல உதாரணம் ஹெச்.பி.யின் பி.பி.ஏ. என்ற தொழில்நுட்பம். டெஸ்க்ஜெட் 720, 820 போன்ற மாடல்களில் இருந்தது. மைத் தலை ஓடும் ஒவ்வொரு பட்டைக்கும் வேண்டியதைக்கூட கம்ப்யூட்டரே தயாரித்துக் கொடுக்க வேண்டும். யூனிக்ஸ், லினக்ஸ் வைத்திருந்தவர்களுக்கு அந்த பிரிண்டர் ஒரு அழகான பிளாஸ்டிக் பெட்டி. கடைசியில் தன்னார்வலர்கள் விண்டோஸ் டிரைவர் பிரிண்டருக்கு என்ன அனுப்புகிறது என்பதைக் கவனித்து, அந்த மொழியைக் கண்டுபிடித்து, சொந்தமாக ஒரு மொழிபெயர்ப்பாளரை எழுதினார்கள். மொழி தெரிந்திருந்தால் சட்டென்று முடிந்திருக்கும் வேலை அது.

சில கம்பெனிகள் ‘லினக்ஸுக்கும் டிரைவர் தர்றோம்’ என்று முன்வந்தன. ஆனால், மூலநிரல் இல்லாமல், இன்டெல் கம்ப்யூட்டருக்கு மட்டும் தயாரித்த ஃபைலாகக் கொடுத்தால், வேறு வகை பிராசஸரில் ஓடிய சன் வொர்க்ஸ்டேஷனுக்கு அதனால் என்ன பிரயோஜனம்? அரிசி கொடுத்தால் எந்த அடுப்பிலும் சமைக்கலாம். ஒரே ஒரு மைக்ரோவேவில் மட்டும் வேகும் பாக்கெட்டைக் கொடுத்தால்?

இன்க்ஜெட்டில் இன்னொரு தலைவலியும் உண்டு. சில வாரம் சும்மா இருந்தால் மை காய்ந்து துளை அடைத்துக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்யும் கட்டளை, மை அளவு பார்க்கும் வசதி எல்லாம் பெரும்பாலும் விண்டோஸ் சி.டி.யில்தான் வரும். பிரிண்ட் வரவழைத்தாலும், தலை அடைத்தால் யூனிக்ஸ்காரர் கையைப் பிசைய வேண்டியதுதான். எப்சன் இன்க்ஜெட்டுகளுக்கு கிம்ப்-பிரிண்ட் குழு ‘எஸ்கப்யூட்டில்’ என்ற தனிக் கருவியையே எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. கூட்டன்பிரிண்ட் என்று பெயர் மாறிய அந்தத் தொகுப்பு இன்றும் பழைய இன்க்ஜெட்டுகளின் உயிர்நாடி.

பிரிண்டர் செய்த புரட்சி

பிரிண்டர் ரகசியத்தால் வந்த கோபம் ஒரு இயக்கத்தையே பெற்றெடுத்தது என்பது கம்ப்யூட்டர் வரலாற்றில் பிரபலமான கதை. 1980 வாக்கில் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் ஒரு லேசர் பிரிண்டரைக் கொடுத்தது. அடிக்கடி பேப்பர் சிக்கிக்கொள்ளும். அங்கே வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன், முந்தைய பிரிண்டரில் ஒரு தந்திரம் செய்திருந்தார். பேப்பர் சிக்கினால், காத்திருக்கும் எல்லோருடைய திரையிலும் ‘போய்ப் பாருங்கப்பா’ என்கிற மாதிரி ஒரு செய்தி வரும்படி சாஃப்ட்வேரை மாற்றியிருந்தார். புது பிரிண்டரில் அதைச் செய்ய மூலநிரல் இல்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்துக்காரரிடம் கேட்டபோது, ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டார்.

அந்தக் கசப்பும் சேர்ந்துதான் 1983-ல் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தார். இன்றைய லினக்ஸ் உலகின் அஸ்திவாரங்களில் ஒன்று அது.

கம்பெனிகள் பக்கம் நியாயமே இல்லையா?

இருக்கிறது. எந்தச் சொட்டு எங்கே விழுந்தால் முகத்தின் நிறம் இயல்பாக வரும் என்பது ஆண்டுக்கணக்கான ஆராய்ச்சி. அதைப் போட்டியாளருக்குத் தூக்கிக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? தவிர, சில ஆயிரம் யூனிக்ஸ் பயனர்களுக்காக டிரைவர் எழுதி, சோதித்து, போன் எடுத்துப் பதில் சொல்வதும் செலவுதான்.

ஆனால், யாரும் அந்த ரகசியத்தைக் கேட்கவில்லை. டிரைவர் எழுதித் தரச் சொல்லவும் இல்லை. கேட்டது ஒன்றுதான்: புள்ளிகளை எந்த வடிவில் அனுப்பினால் பிரிண்டர் அடிக்கும்? சமையல் குறிப்பு வேண்டாம், ஆர்டர் கொடுப்பது எப்படி என்று சொன்னால் போதும். கம்பெனிகளுக்கே பிறகு இது புரிந்தது. ஹெச்.பி.யே தன் பிரிண்டர்களுக்கு ஹெச்.பி.எல்.ஐ.பி. என்ற திறந்த மூல டிரைவர் தொகுப்பை வெளியிட்டது. அதனால் ஹெச்.பி. திவாலாகிவிடவில்லை. லினக்ஸ்காரர்கள் தேடிப்போய் வாங்கும் பிராண்டுகளில் ஒன்றானது.

யூனிக்ஸ் ஐடியாதான் ஜெயித்தது

1999-ல் மைக்கேல் ஸ்வீட் என்ற புரோகிராமர் கப்ஸ் என்ற சாஃப்ட்வேரை வெளியிட்டார். விரித்தால் ‘பொதுவான யூனிக்ஸ் பிரிண்டிங் சிஸ்டம்’ என்று அர்த்தம். வரிசை, ஃபில்டர், மொழிபெயர்ப்பாளர் என்ற பழைய யூனிக்ஸ் ஐடியாவையே எடுத்து, அப்போது புதிதாக வந்த ஐ.பி.பி. என்ற இன்டர்நெட் பிரிண்டிங் நெறிமுறையின் மேல் கட்டினார். 2002-ல் ஆப்பிள் அதை மேக் ஓஎஸ் எக்ஸ் 10.2-ல் சேர்த்தது. 2007-ல் அதன் மூலநிரல் உரிமையை வாங்கி, ஸ்வீட்டையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. மேக்கில் பிரிண்ட் கொடுக்கும்போது பின்னணியில் ஓடுவது இதுதான்.

2010-ல் ஐபோனுக்கு ஆப்பிள் கொண்டுவந்த ஏர்பிரிண்ட், ஐ.பி.பி.யின் அடிப்படையில் உருவானது. 2013-ல் ‘ஐ.பி.பி. எவ்ரிவேர்’ என்ற பொதுத் தரம் வந்தது. அதே ஆண்டு கேனான், ஹெச்.பி., சாம்சங், ஜெராக்ஸ் சேர்ந்து ஆண்ட்ராய்டு பக்கம் மோப்ரியா கூட்டமைப்பைத் தொடங்கின. எல்லாவற்றிலும் சாராம்சம் ஒன்றே. ‘உன்னால் என்ன முடியும்? ஏ4 உண்டா, கலர் உண்டா, இரண்டு பக்கமும் அடிப்பாயா?’ என்று போன் கேட்கும், பிரிண்டர் பதில் சொல்லும். பிறகு எல்லோருக்கும் தெரிந்த ஒரு வடிவத்தில் பக்கம் போய்ச் சேரும். டிரைவர் தேவையில்லை.

கவனியுங்கள். மொழியை வெளிப்படையாக்கியதும் சிக்கலே காணாமல் போய்விட்டது. யூனிக்ஸ்காரர்கள் அன்று கேட்டதும் இதைத்தான்.

இன்றும் பழைய மிஷின் வைத்திருப்பவர் என்ன செய்யலாம்?

ஆய்வகக் கருவிகளோடு சேர்ந்து வந்த பழைய சோலாரிஸ் மிஷின், மாற்ற முடியாத ஒரு பழைய கணக்கு சிஸ்டம் என்று இன்னும் ஆங்காங்கே இவை ஓடிக்கொண்டிருக்கின்றன. புது இன்க்ஜெட்டுக்கு அவற்றில் டிரைவர் தேடுவது வீண். எளிய வழி, நடுவில் ஒரு துபாஷியை வைப்பது.

• ராஸ்பெர்ரி பை மாதிரி ஒரு குட்டி கம்ப்யூட்டரிலோ, மூலையில் கிடக்கும் லேப்டாப்பிலோ லினக்ஸ் ஏற்றி, கப்ஸ் நிறுவ வேண்டும்.

• இன்க்ஜெட்டை அதில் சேர்க்க வேண்டும். புது மாடல் என்றால் டிரைவரே வேண்டாம். பழைய மாடல் என்றால் கூட்டன்பிரிண்ட் அல்லது ஹெச்.பி.எல்.ஐ.பி.

• கப்ஸோடு வரும் எல்.பி.டி. சேவையை இயக்க வேண்டும். 515-வது போர்ட்டில் பழைய யூனிக்ஸின் பேச்சைக் கேட்டுக்கொள்ளும் காது இது.

• பழைய யூனிக்ஸில் தொலைதூர பிரிண்டராக இதைச் சேர்க்க வேண்டும். பி.எஸ்.டி. வகையில் பிரிண்ட்கேப் ஃபைலில் மிஷின் பெயரும் வரிசைப் பெயரும் போட்டால் போதும். சோலாரிஸில் எல்.பி.அட்மின் கட்டளை.

அதன் பிறகு பழைய மிஷின் வழக்கம்போல போஸ்ட்ஸ்கிரிப்டை அனுப்பும். குட்டி கம்ப்யூட்டர் மொழிபெயர்த்து இன்க்ஜெட்டுக்குக் கொடுக்கும். பழைய மிஷினில் ஒரு புது சாஃப்ட்வேர்கூட ஏற்ற வேண்டியதில்லை. எச்சரிக்கை ஒன்று உண்டு. எல்.பி.டி. நல்ல மனிதர்கள் காலத்து நெறிமுறை. பாஸ்வேர்டு கிடையாது, ரகசியக் குறியாக்கம் கிடையாது. உள் நெட்வொர்க்கைத் தாண்டி அதைத் திறந்துவிடக் கூடாது. புதுசும் முழுப் பாதுகாப்பு இல்லை. 2024 செப்டம்பரில் கப்ஸைச் சேர்ந்த சில பகுதிகளிலேயே ஆபத்தான ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டு அவசரமாக அடைக்கப்பட்டன. அப்டேட் போடுவது கட்டாயம்.

இதே குட்டி கம்ப்யூட்டர் இன்னொரு உபகாரமும் செய்யும். யூ.எஸ்.பி. மட்டுமே உள்ள பழைய இன்க்ஜெட்டை அதில் மாட்டினால், வீட்டில் உள்ள போன்களுக்கு அது ஒரு வைஃபை பிரிண்டராகத் தெரியும். தூக்கிப் போட இருந்த பிரிண்டருக்கு மறுவாழ்வு!

இனி மாட்டப்போவது யார்?

இது பழைய யூனிக்ஸ் ரசிகர்களின் பிரச்னை மட்டும் என்று நினைத்தால் தப்பு. பிரிண்டர் கம்பெனிகள் எழுதும் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகத் தருவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023-ல் அறிவித்தது. கப்ஸும் தன் அடுத்த தலைமுறையில் பழைய பாணி டிரைவர்களைக் கைவிடும் பாதையில் போகிறது. புது பிரிண்டர்களுக்கு இது நல்ல செய்தி. டிரைவரை நம்பி வாழும் பழைய பிரிண்டர்களுக்கு? அன்று ‘யூனிக்ஸ் வெச்சிருக்கீங்களா, அப்ப கஷ்டம்தான்’ என்று கேட்டவர்களின் இடத்தில், நாளை சாதாரண விண்டோஸ் பயனர் நிற்கக்கூடும்.

லினக்ஸ் பக்கம் இதற்கு விடை தயாராகிறது. பழைய டிரைவரை உள்ளே வைத்துக்கொண்டு, வெளியே புது பிரிண்டர் மாதிரி நடிக்கும் ‘பிரிண்டர் அப்ளிகேஷன்’களை ஓப்பன்பிரிண்டிங் குழு வெளியிட்டுவருகிறது. மறுபடியும் அதே துபாஷிதான். ஆனால், மொழி தெரிந்த பிரிண்டருக்கு மட்டுமே துபாஷி கிடைப்பார். ஆவணமும் இல்லாத, மூலநிரலும் இல்லாத மாடல், மோட்டார் ஓடும் நிலையிலேயே மின்கழிவுக் குப்பைக்குப் போகும்.

இதை மாற்ற மூன்று இடங்களில் வேலை இருக்கிறது. முதலில் கம்பெனிகள். ஒரு மாடலுக்கு டிரைவர் தருவதை நிறுத்தும் நாளில், அது பேசும் மொழியின் ஆவணத்தை வெளியிட்டுவிட வேண்டும். விற்று முடித்த பொருளில் காப்பாற்ற என்ன ரகசியம் மிச்சம்?

அடுத்து அரசு. சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு சேர்ந்து வந்தது. லினக்ஸைக் கொடுத்தால் மட்டும் போதாது. பள்ளியிலும் அலுவலகத்திலும் வாங்கும் பிரிண்டர் அதோடு பேச வேண்டுமே! டெண்டரில் ‘நிமிடத்துக்கு இத்தனை பக்கம்’ என்று எழுதும்போது, ‘ஐ.பி.பி. எவ்ரிவேர் தரத்துக்கு உட்பட்டது’ என்று ஒரு வரி சேர்த்தால் செலவு ஏறாது, ஆயுள் ஏறும்.

மூன்றாவது, வாங்குபவர். கடையில் ‘மை எவ்வளவு, ஸ்பீடு எவ்வளவு’ என்று கேட்பதோடு இன்னொரு கேள்வியும் சேரட்டும்: ‘டிரைவர் சி.டி. இல்லாம ஓடுமா?’ அட்டைப்பெட்டியில் ஏர்பிரிண்ட் அல்லது மோப்ரியா முத்திரை இருந்தால், விண்டோஸ் மாறினாலும் போன் மாறினாலும் அந்த பிரிண்டர் பேசிக்கொண்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. முத்திரை இல்லாததை 500 ரூபாய் குறைவாக வாங்குவது, அடுத்த பிரிண்டருக்குப் போடும் முன்பணம்தான்.